மாண்புமிகு தளபதி சேறு

எந்த ராணுவ மியூசியத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு டேங்க் பக்கத்திலும் ஒரு போர்டு இருக்கும். எடை இத்தனை டன், பீரங்கி இத்தனை மில்லிமீட்டர், என்ஜின் இத்தனை குதிரைசக்தி என்று, கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஜாதகம் மாதிரி எல்லா விவரமும் பக்காவாக எழுதியிருக்கும். பெண் வீட்டார் முதலில் கேட்கும் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது: பையன் வேலைக்குப் போனானா?

அந்தப் பதிலைத் தேடித்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. சரித்திரப் பைத்தியத்தில் கோயில் பைத்தியம், கல்வெட்டுப் பைத்தியம், நாணயப் பைத்தியம் என்று பல கிளைகள் உண்டு. நான் இரும்புக் கிளை. போகிற ஊரில் பழைய டேங்கோ விமானமோ நிற்கிறது என்று தெரிந்தால், குடும்பத்தைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிடுவேன். நேரில் பார்த்தது கொஞ்சம், புத்தகத்திலும் யூடியூபிலும் பார்த்தது மிச்சம்.

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் கிடைத்த மாபெரும் விதியைச் சொன்னவன் நானில்லை. டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் என் மச்சினன். ஒரு டேங்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்ளோ பளபளன்னு இருக்குன்னா வண்டி ரோட்டையே பார்க்கலைன்னு அர்த்தம் மாமா" என்றான். யோசித்துப் பாருங்கள். சீர்வரிசையில் வந்த வெண்கல அண்டா பரணில் ஜொலிக்கிறது. தினமும் சோறு வடித்த பானை, அடி கருகி, விளிம்பு நசுங்கி, ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் பேரீச்சம்பழமாகிவிடுகிறது. மியூசியம் என்பது உலக நாடுகளின் பரண்!

இரண்டாவது கண்டுபிடிப்பு மட்டும் என்னுடையது. இந்த மியூசியங்கள் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்த ஒரு மாபெரும் தளபதி இருக்கிறார். எல்லாப் படையையும் தோற்கடித்தவர், யாரிடமும் சம்பளம் வாங்காதவர். அவருக்கு எந்த ஊரிலும் சிலை கிடையாது. பெயர், சேறு.

இங்கிலாந்திலிருந்து ஆரம்பிப்போம். டார்செட் மாவட்டத்தில் போவிங்டன் என்று ஓர் இடம். முதல் உலகப்போர் முடிந்ததும், மிஞ்சிய டேங்குகளைக் கொண்டுவந்து அங்கே போட்டிருந்தார்கள். 1923-ல் அந்தப் பக்கம் வந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், இதையெல்லாம் ஒரு மியூசியமாக வைக்கலாமே என்று யோசனை சொன்னாராம். காயலான் கடைக்கும் மியூசியத்துக்கும் நடுவில் ஓர் எழுத்தாளர்தான் வித்தியாசம்!

அங்கே 'லிட்டில் வில்லி' என்று ஒன்று நிற்கிறது. 1915-ல் செய்தது. இன்று உலகத்தில் இருக்கும் டேங்குகளிலேயே மூத்தது. பார்த்தால் அப்படியொன்றும் நடுக்கம் வராது. இரும்பு பீரோவைப் படுக்கவைத்துக் காலில் சங்கிலி மாட்டியது மாதிரி இருக்கும். இதைச் செய்யச் சொன்னது ராணுவம் என்று நினைப்பீர்கள். இல்லை, கடற்படை! கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், 'தரைக்கப்பல் கமிட்டி' என்று ஒன்று போட்டு ஆரம்பித்த வேலை இது. மீன்வளத் துறை மேம்பாலம் கட்டுகிற மாதிரி. ஆச்சரியம் என்னவென்றால், கட்டியே விட்டார்கள்.

தரைக்கப்பல் என்று வெளியே சொன்னால் ஜெர்மனிக்குத் தெரிந்துவிடும். எனவே பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி, 'வாட்டர் கேரியர்' என்று கதை கட்டினார்கள். ஆனால் அரசாங்க ஆபீஸ் என்றால் எதையும் முதலெழுத்தில் சுருக்கித்தானே கூப்பிடுவார்கள்? டபிள்யூ.சி. கமிட்டி! கோட்டு சூட்டு போட்ட எந்தக் கனவான் அதில் மெம்பராக இருப்பார்? அவசரமாகப் பெயரை 'டேங்க்' என்று மாற்றினார்கள். நம் மொட்டைமாடி சின்டெக்ஸுக்கும் போர்க்களத்து இரும்பு அரக்கனுக்கும் ஒரே பெயர் வந்தது இப்படித்தான். கொஞ்சம் அசந்திருந்தால், குடியரசு தின அணிவகுப்பில் இன்றைக்குக் கக்கூஸ்கள் வரிசையாகப் போயிருக்கும்.

இந்த டேங்குகளில் ஆண், பெண் என்று இரண்டு ஜாதி இருந்ததை நம்புவீர்களா? பீரங்கி வைத்தது ஆண், வெறும் மெஷின்கன் வைத்தது பெண். அதிகாரபூர்வப் பெயரே அதுதான். 1918-ல் ஜெர்மன் டேங்கும் பிரிட்டிஷ் டேங்கும் முதல்முறையாக நேருக்கு நேர் மோதியபோது, மெஷின்கன் குண்டு எதிரி இரும்பில் பட்டுத் தெறித்தது. உடனே மூளைக்காரர்கள் ஒரு பக்கம் பீரங்கி, மறுபக்கம் மெஷின்கன் என்று பொருத்திவிட்டார்கள். நாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் செதுக்கிவைத்த அர்த்தநாரீஸ்வரரை, அவர்கள் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

உள்ளே எட்டுப் பேர். நடுவில் தடுப்பே இல்லாமல் உறுமும் என்ஜின். சூடு 50 டிகிரியைத் தொடும். வண்டியை ஓட்டவே நாலு பேர் வேண்டும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, எனவே இரும்பைத் தட்டிச் சைகை காட்ட வேண்டும். வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது மார்க்கெட்டுக்கு அவசரமாகப் போகும் மாமியின் நடை. தலைமையகத்துக்குத் தகவல் சொல்ல? புறா! இருபதாம் நூற்றாண்டின் மிக நவீன ஆயுதம், சங்க காலத்து வாட்ஸ்அப்போடு கிளம்பியது.

1916 செப்டம்பர் 15, பிரான்சில் ஃப்ளேர் என்ற ஊர்ப் பக்கம் அரங்கேற்றம். அழைப்பு 49 டேங்குக்கு. புறப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தது 32. மற்றதெல்லாம் வழியிலேயே படுத்துவிட்டன. வந்ததைப் பார்த்தே எதிரிகள் சில இடத்தில் தலைதெறிக்க ஓடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் பேஷன்டேல் என்ற இடத்தில் நம் தளபதி நேரடியாகக் களத்தில் இறங்கினார். டேங்குகள் சேற்றில் எருமை மாதிரி அமிழ்ந்தன. ஒரே வித்தியாசம், எருமை தானாக எழுந்து வந்துவிடும்.

ஜெர்மனி மட்டும் தப்பியதா? அவர்கள் முதல் உலகப்போரில் செய்த ஏ7வி என்ற டேங்குகள் மொத்தமே 20. இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. பெயர் 'மெஃபிஸ்டோ', அதாவது சாத்தான். சாத்தான் எங்கே இருக்கிறான்? ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் மியூசியத்தில்! 1918 ஏப்ரலில் அது ஒரு குண்டுக் குழியில் விழுந்து மாட்டிக்கொண்டது. ஓட்டியவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். சில மாதம் கழித்து ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அதைக் கட்டி இழுத்து, கப்பலில் ஏற்றி, ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிய மற்ற 19 டேங்கும் ஒன்றுகூட இல்லாமல் போயின. பள்ளத்தில் விழுந்தது அமரத்துவம் பெற்றது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

ரஷ்யாவுக்கு வருவோம். அங்கே லெபெடென்கோ என்று ஒரு எஞ்சினியர். ராட்சச மூன்று சக்கர சைக்கிள் மாதிரி ஒரு போர் வண்டி டிசைன் போட்டார். முன்சக்கரம் இரண்டும் ஒன்பது மீட்டர் உயரம், மூன்று மாடி வீட்டளவு. நம்மைப் போன்றவர்கள் பட்ஜெட் கேட்கப் போனால் பவர்பாயின்ட் கொண்டுபோவோம். இவர் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸிடம் சாவி கொடுத்தால் ஓடும் ஒரு மரப்பொம்மையைக் கொண்டுபோனார். பேரரசரும் எஞ்சினியரும் தரையில் உட்கார்ந்து, தடித்தடிச் சட்டப் புத்தகங்களைக் குறுக்கே அடுக்கி, பொம்மையை அதன் மேல் ஏறவிட்டு விளையாடினார்கள் என்று சொல்வார்கள். ரஷ்யப் பேரரசின் சட்டங்கள் கடைசியாக உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

குஷியான மன்னர் 2,10,000 ரூபிள் கொடுத்தார். 1915 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு வடக்கே ஒரு காட்டில் வெள்ளோட்டம். வண்டி கிளம்பியது. குறுக்கே நின்ற மரத்தைத் தீக்குச்சி மாதிரி ஒடித்தது. ஆஹா என்று கைதட்டல். அடுத்த நிமிஷம் பின்னால் இருந்த குட்டிச் சக்கரம் ஈர மண்ணில் இறங்கியது. என்ஜினை முறுக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. அன்றைக்கு நின்றது நின்றதுதான். 1923-ல் உடைத்து எடைக்குப் போடும்வரை அங்கேயே நின்றது. அதற்குள் ஜார் போய், ஜார் ஆட்சி போய், புரட்சி வந்து, உள்நாட்டுப் போரும் முடிந்திருந்தது. ஆட்சியே மாறினாலும் அசையாதது என்று நாம் சில கோப்புகளைச் சொல்வோமே, அந்த வகை.

ஆனால் யாரையும் எளிதில் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அந்த வண்டிக்கு வேலை செய்த பையன்களில் ஒருவர் அலெக்சாண்டர் மிக்குலின். பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களை வாட்டி எடுத்த இல்-2 விமானத்தின் என்ஜின் அவர் டிசைன் செய்ததுதான். சேற்றில் விழுந்த மனுஷன், இனி தரையே வேண்டாம் என்று மேலே போய்விட்டார் போலிருக்கிறது.

பெரிசு மேல் ஆசை ஜாருக்கு மட்டுமா? மாஸ்கோ பக்கத்தில் குபின்கா மியூசியம். அங்கே நிற்கும் 'மௌஸ்' டேங்கின் எடை 188 டன். சுமார் நாற்பது யானை! நம் எக்ஸ்பிரஸ் ரயிலை இழுக்கும் என்ஜினில் ஒன்றரை மடங்கு. இதற்கு ஹிட்லர் காலத்து ஜெர்மனி வைத்த பெயருக்கு அர்த்தம், சுண்டெலி. ஹிட்லருக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது என்று யார் சொன்னது?

இதை டிசைன் செய்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமாம், அதே போர்ஷேதான். அவருடைய தன்னம்பிக்கைக்கு ஒரு சாம்பிள்: டைகர் டேங்க் யார் செய்வது என்று இரண்டு கம்பெனிக்குப் போட்டி. 1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளன்று அவர் முன்னால் இரண்டு வண்டியும் ஓட வேண்டும். போர்ஷே, ரிசல்ட் வருவதற்கு முன்பே, தொண்ணூறு வண்டிக்கு மேல் உடம்பைச் செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்கு முன்னால் லட்டு பிடித்த கதை. ஜெயித்தது ஹென்ஷெல் கம்பெனி. மிஞ்சிய உடம்புகளை என்ன செய்வது? மேலே ஒரு பீரங்கியைப் பொருத்தி வேறு வண்டியாக்கி, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், 'ஃபெர்டினாண்ட்'. தோல்விக்கு நினைவுச்சின்னம் கேட்டிருக்கிறீர்களா? இவருக்கு ஒரு பட்டாளமே கிடைத்தது.

அப்படிப்பட்டவர் கையில் சுண்டெலி. 188 டன்னைத் தாங்கும் பாலம் கிடையாது. பரவாயில்லை, ஆற்றுக்கு அடியில் போகட்டும் என்றார்கள். மூச்சு விட நீண்ட குழாய். மௌஸ் மின்சார மோட்டாரில் ஓடுவது, தண்ணீருக்குள் கரன்ட்? கரையில் இன்னொரு மௌஸ் நின்று கேபிள் வழியாகக் கொடுக்கும். இது அக்கரை போனதும், அங்கிருந்து கரன்ட் கொடுக்க, அது இறங்கி வரும். ஓர் ஆற்றைக் கடக்க ஒரு ஜோடி டேங்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரும். நடுவில் யாராவது பிளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று அந்த மீட்டிங்கில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவருக்கு ரஷ்யப் போர்முனைக்கு டிரான்ஸ்ஃபர் காத்திருந்தது.

சோதனை ஓட்டத்தின்போது தளபதி சேறு வந்து ஆஜரானார். வயிறுவரை புதைந்த மௌஸை ஆட்கள் மண்வெட்டியோடு சுற்றி நின்று தோண்டும் போட்டோ இருக்கிறது. மொத்தம் செய்தது இரண்டே இரண்டு. ஒன்றின் உடம்பும் இன்னொன்றின் தலையும்தான் ரஷ்யர்கள் கைக்கு வந்தன. ஒட்டிவைத்து மியூசியத்தில் நிறுத்திவிட்டார்கள். குட்டிச்சாத்தான் வேலைக்குக் கிளம்பிய சுண்டெலி, கடைசியில் பிள்ளையார் மாதிரி தலை மாற்றி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நடுவே, உண்மையிலேயே சண்டை போட்ட ஒரு டைகர் போவிங்டனில் இருக்கிறது. நம்பர் 131. உலகத்தில் இன்றும் ஓடக்கூடிய ஒரே டைகர்-1. எதிரிகள் பெயரைக் கேட்டாலே நடுங்கிய ஜாதி. 1943 ஏப்ரலில் டுனீசியாவில், ஒரு குண்டு வந்து தலைக்கும் கழுத்துக்கும் இடையில் சொருகிக்கொண்டது. தலை திரும்பவில்லை. கழுத்து சுளுக்கிய புலியை விட்டுவிட்டு வீரர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். அப்புறம் அதற்கு ராஜயோகம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து பார்த்தார், சர்ச்சில் வந்து பார்த்தார், 2014-ல் 'ஃபியூரி' என்ற ஹாலிவுட் படத்தில் பிராட் பிட்டுக்கு எதிராக நடித்தது. இத்தனையும் ஒரு கழுத்துச் சுளுக்கால்!

தரையில் போகிறவர்கள் சேற்றில் விழுகிறார்கள், சரி. வானத்தில் போகிறவர்கள்? அவர்கள் விழுவது வேறொரு சேறு, ஈகோ.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர் சாமுவேல் லாங்லி, பெரிய விஞ்ஞானி. விமானம் செய்ய ராணுவம் 50,000 டாலர் கொடுத்தது. 1903 அக்டோபரில் வாஷிங்டன் பக்கம் ஓடும் பொடோமாக் ஆற்றில், ஒரு படகு வீட்டுக் கூரையிலிருந்து கவண்கல் மாதிரி விமானத்தை எறிந்தார்கள். நேராக ஆற்றுக்குள் போனது. மனிதன் பறக்க இன்னும் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருஷம் ஆகும் என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. டிசம்பர் 8-ல் மறுபடி எறிந்தார்கள். மறுபடி ஆறு. பறக்கும் கருவியா, தூண்டில் போடும் கருவியா என்று மீன்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஒன்பதே நாள். டிசம்பர் 17. ஆயிரம் டாலர்கூடச் செலவழிக்காத இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள், ரைட் சகோதரர்கள், கிட்டி ஹாக் மணல்வெளியில் பறந்தேவிட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் டாஸ் போட்டதில் ஜெயித்தவர் அண்ணன் வில்பர். ஏறினார், வண்டியை மணலில் குத்தினார். ரிப்பேர் பார்த்து முடித்ததும் தம்பி ஆர்வில் முறை. 12 விநாடி, 36 மீட்டர். அண்ணன் டாஸ் ஜெயித்தார், தம்பி சரித்திரத்தை ஜெயித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜை எப்படியிருந்திருக்கும்?

அன்று மாலை வீட்டுக்குத் தந்தி. நாலாவது முறை பறந்தது 59 விநாடி. தந்தியில் 57 என்று வந்தது. கீழே ஆர்வில் பெயரையும் தப்பாக அடித்திருந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்ததற்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஊர்ப் பத்திரிகை ஆள் அதைப் பார்த்துவிட்டு, 57 நிமிஷம் என்றாலாவது செய்தி என்றாராம். நூற்றாண்டின் செய்தி, எடிட்டர் மேஜையிலிருந்து திரும்பிப் போனது.

இனிதான் மியூசியம் கதை. 1914-ல் ஸ்மித்சோனியன் ஒரு காரியம் செய்தது. ஆற்றில் விழுந்த லாங்லி விமானத்தை எடுத்து, அங்கே மாற்றி இங்கே மாற்றி, ஓர் ஏரிக்கு மேலே சில விநாடி துள்ளவைத்தார்கள். துள்ளவைத்தவர் யார்? பேடன்ட் வழக்கில் ரைட் தரப்புக்கு எதிராக நின்ற கிளென் கர்டிஸ்! அப்புறம் அந்த விமானத்தை மியூசியத்தில் மாட்டி, மனிதனைச் சுமந்து பறக்கும் திறன் கொண்டிருந்த முதல் விமானம் என்று போர்டு வைத்தார்கள். 'பறந்த' இல்லை ஐயா, 'திறன் கொண்டிருந்த'! இந்தக் கணக்கில் பார்த்தால் நான் கலெக்டராகும் திறன் கொண்டிருந்தவன்.

ஆர்வில் ரைட்டுக்குக் கோபம் வந்தது. வில்பர் 1912-லேயே இறந்துவிட்டார். தனியாளாகப் பதில் கடிதம் எழுதி எழுதிப் பார்த்தவர், 1928-ல், தலைதீபாவளிக்கு முறுக்கிக்கொண்டு போகும் மாப்பிள்ளை மாதிரி, விமானத்தையே பெட்டி கட்டி லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். உலகத்தின் முதல் விமானம் அமெரிக்காவில் இல்லை. இருபது வருஷம்! 1942-ல் ஸ்மித்சோனியன் பழைய சோதனையில் என்னென்ன மாற்றினோம் என்று அச்சடித்து ஒப்புக்கொண்டது. மாப்பிள்ளை மனமிறங்கினார். ஆனால் விமானம் கடலைத் தாண்டி வந்து, 1948 டிசம்பர் 17 அன்று அங்கே தொங்கியபோது ஆர்வில் இல்லை. அந்த ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். மன்னிப்புக்கு எப்போதுமே டிரெயின் லேட்டு.

வாரிசுகள் விமானத்தைக் கொடுத்த விலை ஒரு டாலர். கூடவே ஒரு கண்டிஷன்: இதற்கு முன் வேறெந்த விமானமாவது மனிதனைச் சுமந்து கட்டுப்பாட்டோடு பறக்கும் திறன் பெற்றிருந்தது என்று ஸ்மித்சோனியன் என்றைக்காவது போர்டு வைத்தால், விமானத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வோம். 'திறன்' என்ற அந்த ஒரு வார்த்தையை மறக்காமல் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்! லாங்லியின் விமானமும் இன்று அதே நிறுவனத்திடம்தான் இருக்கிறது, வர்ஜீனியாவில் உள்ள வேறு கட்டடத்தில். சண்டை போட்ட சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்காரவைக்காத விவேகம்.

ஆர்வில் பறந்தது 36 மீட்டர். ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரர் செய்த எச்-4 விமானத்தின் இறக்கை மட்டுமே 97 மீட்டர்! எட்டு என்ஜின். உலகப்போரில் வீரர்களை அட்லான்டிக் தாண்டிக் கொண்டுபோவதற்காக 1942-ல் ஆர்டர். ரெடியானது 1947-ல். போர் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முகூர்த்தம் முடிந்து பிள்ளைக்குக் காதுகுத்தும்போது வந்த மேளக்காரர் கதை.

அலுமினியத் தட்டுப்பாட்டால் உடம்பு முழுக்க மரம். பத்திரிகைக்காரர்கள் 'ஸ்ப்ரூஸ் வாத்து' என்று பெயர் வைத்தார்கள். ஹியூஸுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. பெரும்பாலும் பர்ச் மரம், ஸ்ப்ரூஸ் இல்லை. பணம் எங்கே போனது என்று செனட் கமிட்டி குடைந்தது. இது பறக்காவிட்டால் நாட்டை விட்டே போய்விடுகிறேன் என்று சபதம் போட்டவர், 1947 நவம்பர் 2 அன்று அதைத் தானே ஓட்டினார். பறந்தது! 21 மீட்டர் உயரம், சுமார் ஒன்றரை கிலோமீட்டர், 26 விநாடி. அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகும்வரை, 28 வருஷத்துக்கு மேல், ஏ.சி. போட்ட ஷெட்டில் ஆள் வைத்துத் துடைத்துப் பாதுகாத்தார். பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே சோபாவை வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கும் இருப்பார். இந்த சோபா இப்போது ஆரிகன் மாநிலத்தில், மெக்மின்வில் மியூசியத்தில்.

கடைசியாக நம் வீட்டுக் கதை. மகாராஷ்டிரத்தில் அகமத்நகர், இப்போது அகில்யாநகர். 1994-ல் திறந்த குதிரைப்படை டேங்க் மியூசியம். சுமார் 50 வண்டிகள். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி செய்த கவச காரைப் பார்த்ததும் மச்சினன், "மைலேஜ் எவ்ளோ மாமா?" என்றான். நம் ஆவடியில் செய்த விஜயந்தாவைப் பார்த்ததும் மட்டும் கேட்கவில்லை. சொந்த ஊர் வண்டியிடம் மைலேஜ் கேட்பது மரியாதை இல்லையாம்.

அங்கே நிற்கும் ஸ்டார், 1965 போரில் பாகிஸ்தானிடமிருந்து பிடித்த பேட்டன். அமெரிக்கத் தயாரிப்பு. ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் பெயரை வைத்தது. அவர் எப்பேர்ப்பட்டவர் என்றால், 1912 ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த ஒரு போட்டியில் கலந்துகொண்டு ஐந்தாவதாக வந்தார். காலை வாரியது துப்பாக்கிச் சுடுதல். ஒரு குண்டு இலக்கிலேயே படவில்லை என்றார்கள். இல்லை, ஏற்கெனவே போட்ட ஓட்டை வழியாகவே போய்விட்டது என்று வாதாடினார்! பரீட்சையில் விடை எழுதாத இடத்தைப் பார்த்து, எழுதியதன் மேலேயே எழுதிவிட்டேன் சார் என்பது மாதிரி. டேங்க் போரில் புலி. கடைசியில் 1945 டிசம்பரில் மெதுவாகப் போன கார் ஒரு லாரியில் மோதி இறந்துபோனார். அந்த கேடிலாக் காரும் கென்டக்கியில் ஒரு மியூசியத்தில் நிற்கிறது.

அவர் பெயர் சுமந்த டேங்குகள் 1965 செப்டம்பரில் பஞ்சாபில் அசல் உத்தர் கிராமத்துக்கு வந்தன. நம்மவர்கள் வாய்க்காலைத் திறந்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார்கள். டேங்குகளைக் கரும்புத் தோட்டத்தில் ஒளித்துவைத்துக் காத்திருந்தார்கள். பேட்டன்கள் சேற்றில் இறங்கின. ஜீப்பில் பீரங்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அடித்துவிட்டு, அங்கேயே உயிரையும் கொடுத்தார் அப்துல் ஹமீது, பரம்வீர் சக்ரா. மொத்தம் 97 டேங்க் என்பது இந்தியக் கணக்கு. பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்கே 'பேட்டன் நகர்' என்று பெயர் வந்துவிட்டது. இந்தக் கதைகளில் நம் தளபதியைச் சம்பளமில்லாமல் பட்டியலில் சேர்த்து, முறையாகப் போருக்கு அழைத்தது நம் விவசாய மூளைதான்!

ரொம்பப் பெருமைப்படாதீர்கள். கராச்சியில் பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்துக்குப் போனால், அங்கே நம் 'நேட்' விமானம் ஒன்று நிற்கும். அதே செப்டம்பர், 3-ஆம் தேதி, பஸ்ரூர் என்ற ஊரில் இறங்கியது. வழி தப்பி, பெட்ரோல் தீர்ந்து, நம் ஊர் என்று நினைத்து விமானி இறங்கினார் என்பது நம் தரப்பு. எங்கள் போர் விமானத்தைப் பார்த்துப் பயந்து இறங்கினார் என்பது அவர்கள் தரப்பு. அவர்கள் பேட்டன் நம் வீட்டுக் கூடத்தில், நம் நேட் அவர்கள் வீட்டுக் கூடத்தில். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் ஒருவர் பாத்திரத்தை ஒருவர் தூக்கிப்போன மாதிரி, ஆளுக்கொரு மானம் அடுத்தவர் ஷோகேஸில்.

மியூசியத்திலிருந்து வெளியே வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. தக்காணத்துக் கரிசல் மண். எதிரே வந்த கரும்பு லாரிக்கு ஒதுங்கப்போய், எங்கள் வாடகைக் காரின் பின்சக்கரம் ரோட்டோரம் இறங்கிவிட்டது. டிரைவர் என்ஜினை முறுக்கினார். ஜாரின் வண்டி மாதிரியே அசையாமல் நின்றது. "இறங்குங்க மாமா" என்றான் மச்சினன். இருவரும் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தோம். மூன்றாவது தள்ளலில் கார் துள்ளி ரோட்டுக்கு ஏறியது. கிளம்பும்போது சக்கரம் ஒருமுறை சுற்றி, உள்ளதையெல்லாம் என் மேல் இறைத்தது.

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டையில், இடது மார்பில், பதக்கம் குத்தும் இடத்தில் வட்டமாக ஒரு சேற்றுத் திட்டு. மச்சினன் கைக்குட்டை நீட்டினான். துடைக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி மூன்று தடவை சோப்பு போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் இரும்பு இரும்பாகத் தேடி அலைந்ததில், உண்மையிலேயே வேலை செய்த ராணுவத் தளவாடம் என்று என் வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான்.